நிறுத்திவைத்த கார்

பாப்பாவுக்கு,

இதை உன் அலுவலக வாசலில் கொண்டுவந்து கொடுத்தவர், போனமுறை நீ வந்த காரை ஓட்டிய அதே டிரைவர் அண்ணன்தான். உன் போனை நீ மட்டும் பார்ப்பதில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். உன்னை அழைத்துவர இந்தக் காரை அனுப்புகிறேன்; ஆறு மணி நேரப் பயணம் என்பதுதான் எனக்குப் பயம். ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று டிரைவரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். "சார், நீங்க வேணும்னா டிக்கியில உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே வாங்களேன்" என்று சிரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "போன தடவை திரும்பக் கொண்டுபோய் விட்டப்போ, மாப்பிள்ளை வீட்டு வாசல்ல வண்டி நின்னும் பாப்பா கால் மணி நேரம் இறங்கலை சார்."

அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

கார் எதிர்ப்புற மரத்தடியில் நிற்கும். யாரும் எதுவும் கேட்காமலிருக்க, பானெட்டைத் திறந்துவைத்து ரிப்பேர் பார்ப்பதுபோல் நிற்பார். ஐந்து மணிவரை இருப்பார். எதையும் எடுக்க அந்த வீட்டுக்குப் போகாதே. மாற்றுத்துணியை அம்மா பின்சீட்டில் வைத்திருக்கிறாள். இன்று முடியாவிட்டால் நாளையும் அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

போனமுறை நீ வந்து இறங்கியபோது நான் காரைத் திருப்பி அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்திவைத்தேன். நீ காபி குடித்து முடிப்பதற்குள், "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று அதிலேயே ஏற்றி அனுப்பினேன்.

இந்தமுறை, உன்னை இறக்கிவிட்டதும் நம் வாசலில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் கிளம்பிவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா