பல்புவின் உள்ளங்காலும் உன் குரலும்

என் சொல்லுக்கு ஒலி தந்த தம்பி யூசுபுக்கு,

நீ மண்ணுக்குள் போன பிறகும் அரவேணுவில் என் வீட்டு முன்னறையில் நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தாய். மூடுபனி தேயிலைச் சரிவேறி வந்து சன்னலை மறைக்கும் மாலைப் பொழுதில், இரும்புக் கம்பியைத் தட்டும் ஓசை முதலில் எழும். அடுத்து உன் இருமல். அதன் பிறகு, "மைக்க விட்டுக் கொஞ்சந் தள்ளி நில்லுங்ணா." நான் எழுந்து உண்மையாகவே தள்ளி நிற்பேன். பிறகுதான் கூண்டு கண்ணில் படும்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். குன்னூர்க் கடைவீதியில் ஒலிபெருக்கி வாடகைக் கடை வைத்திருந்தவன் நீ. நான் பேச ஏறிய மேடைகளுக்கெல்லாம் எனக்கு முன்னே போய், கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தவன். "ஒலிவாங்கின்னா எவனுக்குங்ணா புரியும்? மைக்குன்னு சொல்லுங்க, பையன் கொண்டாருவான்" என்று என் தனித்தமிழைக் கேலி செய்தவன். உன் கடையில் இருந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு நான் தேர்ந்தெடுத்த தமிழ்ப்பெயர்களை எல்லாம் கேட்டுவிட்டு, 'பல்பு' என்று பெயர் வைத்தவனும் நீயே.

அந்தக் கிளி உன் ஒலிவாங்கித் தாங்கியின் மேல் ஏறி அமர்வதைப் பார்த்து மகிழ்ந்து, பழைய தாங்கி ஒன்றை அறுத்துக் கூண்டுக்குள் குறுக்கே பொருத்தினாய். அன்பால் செய்தது. அந்தக் கம்பியை அலகால் தட்டி, உன்னைப் போல் இருமி, உன் குரலில் பேச அது கற்றுக்கொண்டது. கம்பியைத் தட்டாமல் அது ஒருபோதும் வாய் திறந்ததில்லை.

உன்னை அடக்கம் செய்த சில நாள்களில் கடையிலிருந்து கூண்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த உன் மனைவி சமீலா என்னை அழைத்தாள். "நீங்க தூக்கிட்டுப் போயிருங்ணா. அவரு இருமறாருன்னு நாந் தண்ணி எடுத்துட்டு ஓடறேன். ஓடிப்போய்ப் பாத்தா இது" என்றாள். அழவில்லை. கையில் அந்தத் தண்ணீர்க் குவளை அப்போதும் இருந்தது. கூண்டை அப்படியே எடுத்து வந்தேன்; உன் கம்பியும் உடன் வந்தது.

என் மனைவி மரகதம் முதலில் அஞ்சினாள். பிறகு பழகிக்கொண்டாள். நீ பேசும் நேரம் பார்த்துத் தேநீர் வைக்கும் அளவுக்குப் பழகிக்கொண்டாள் என்றால் நம்புவாயா? நானோ வெளியூர்க் கூட்டங்களைக் குறைத்துக்கொண்டேன். உன் ஒலியில்லாத மேடைகளில் நின்றபோது, உயிரோடிருந்த நானே ஆவியைப் போல் உணர்ந்தேன். நீ இருந்தது என் முன்னறையில்.

பனிக்காலம் தொடங்கியதும் பல்பு ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கியது. பறவைகள் அப்படித்தான் ஓய்வெடுக்கும் என்று எண்ணினோம். ஆனால் ஓய்வெடுக்கும் பறவை இப்படி நொடிக்கொரு முறை காலை மாற்றுமா? கூண்டின் பக்கக் கம்பியை அலகால் கவ்வி, உடல் எடையைக் கழுத்தில் தாங்கித் தொங்குமா? ஒரு நாள் விடியலில் மரகதம் கூண்டுக்கு அடியில் விரித்த தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் குருதிப் பொட்டுகள் இருந்தன.

"உங்க தம்பி பேசறாரு பேசறாருன்னு காதையே குடுத்துட்டு இருந்தீங்க. கால யாருங்க பாக்கறது?" என்று கேட்டாள்.

குன்னூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். இளையவர், சிரித்த முகம். கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். தோலில் இருக்க வேண்டிய சொரசொரப்பான வரிகள் தேய்ந்து, சிவந்து பளபளத்தன. நடுவில் கறுத்த பொருக்கு. அதைச் சுற்றி வீக்கம்.

"இது எதுலங்க நிக்குது?"

"இரும்புக் கம்பியில்."

"எந்நேரமுமா?"

"எந்நேரமும்."

"ஐயா, நீங்க மேடையில மணிக்கணக்கா நிப்பீங்க. ஆனா காலை மாத்தி, விரலை அசைச்சு, கொஞ்சம் நகந்து நிப்பீங்கல்ல? இதுக்கு அந்த வழியே இல்ல. கம்பி முழுக்க ஒரே பருமன், ஒரே வழவழப்பு. எடை விழுற எடத்துலயே திரும்பத் திரும்ப விழுது. நம்ம ஊர்க் குளிருக்கு இரும்பு வேற. என்ன சாப்பிடுது?"

சூரியகாந்தி விதை என்றேன். நீ கொடுத்து வந்தது அதுதானே. அவர் தலையசைத்தார். விதை மட்டுமே தின்றால் கொழுப்பு ஏறும், எடை கூடும், தோலைக் காக்கும் சத்துக் குறையும். அந்தத் தோல் எளிதில் வெடிக்கும், வெடிப்பின் வழியே கிருமி புகும் என்றார். நகங்கள் நீண்டு விரல்களைத் தூக்கிவிட்டதால் பளு முழுவதும் உள்ளங்காலுக்கு வந்ததையும் காட்டினார். கால் வளையம் இறுக்குகிறதா, நூல் சுற்றியிருக்கிறதா, மூட்டில் உப்புப் படிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூண்டு புதிதா, பூச்சு உரிந்து நஞ்சாய் உள்ளே போகிறதா என்றும் வினவினார். கால் நோவுக்கு இத்தனை வாயில்கள் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன், யூசுபு.

"எலும்புக்குப் போயிருந்தா விரலை எடுக்க வேண்டி வரும். அதையும் தாண்டிருச்சுன்னா உயிருக்கே ஆபத்துங்க" என்றவர், ஊடுகதிர்ப் படம் பார்த்து, எலும்பு இன்னும் கெடவில்லை என்றார். மருந்தும் கட்டும் தந்தார். பட்டை உரிக்காத கொய்யாக் கிளைகளைப் பருத்ததும் மெலிந்ததுமாக வைக்கச் சொன்னார். விதையைக் குறைத்து கேரட், பப்பாளி, முருங்கைக் கீரை என்று பழக்கச் சொன்னார். "தோட்டத்துல காய்க்குதேன்னு பட்டர்ஃப்ரூட் மட்டும் குடுத்தறாதீங்க, அது பறவைக்கு விசம். அப்புறம் முக்கியமா, அந்தக் கம்பிய இன்னிக்கே எடுத்துருங்க."

எடுத்தேன். அன்று மாலை மூடுபனி வந்தது. தட்டும் ஓசை வரவில்லை. பல்பு கொய்யாக் கிளையைத் தட்டிப் பார்த்தது. மரம் மொத்தென்று ஒலித்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, அலகைத் திறந்தது, மூடிக்கொண்டது.

அதன் பிறகு அது பேசவில்லை. கால் ஆறத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் வீக்கம் வற்ற வற்ற, நீ இரண்டாம் முறை போய்க்கொண்டிருந்தாய். "ஊரையே பேசிப் பேசிக் கிளப்புவீங்க, ஒரு கிளி வாயத் தெறக்க வைக்க முடியலயே" என்றாள் மரகதம். கேலியாகத் தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது. அவளுக்கும் நீ வேண்டியிருந்தாய்.

கம்பியைத் துடைத்து அலமாரியின் மேல் வைத்திருந்தேன். ஒரு மாலைக்கு மட்டும், ஒரே ஒரு முறை, அதன்மேல் நிற்க வைத்தால் என்ன கெட்டுவிடும்? ஆறுகிற புண் பொறுத்துக்கொள்ளாதா? உன் இருமலையேனும் கேட்க முடியாதா? நாள்தோறும் கை அலமாரி வரை போய் வந்தது.

அப்போதுதான் சமீலா வந்தாள். கூண்டின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தாள்.

"ஏனுங்ணா, பேசவே மாட்டேங்குது?"

சொன்னேன். அலமாரியை அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னிக்கு அந்தச் சத்தம் கேக்கப் பொறுக்காமத்தான் உங்ககிட்டக் குடுத்தேன். இப்ப எங்க ஊடே அமுங்கிக் கெடக்குதுங்ணா. அவரு ஃபோன்ல பேசினது ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. ஒரே ஒரு வாட்டி வெச்சுப் பாக்கலாமா? இருமினாக்கூடப் போதும்."

ஆயிரம் பேர் எதிரே மறுத்துப் பேசியவன் நான். அவளிடம் மறுக்க நான் விரும்பவில்லை. கம்பியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

கட்டு மாற்றும் நேரமாகிவிட்டதால் முதலில் அதை முடிக்கலாம் என்று மரகதம் கிளியைத் துண்டில் சுற்றினாள். சமீலா குனிந்து உள்ளங்காலைப் பார்த்தாள். பொருக்கு உதிர்ந்த இடத்தில் புதுத்தோல், பிறந்த குழந்தையின் இமை போல மெலிந்து சிவந்திருந்தது. அவள் விரல் நுனியால் அதன் ஓரத்தைத் தொட்டாள். பிறகு தன் மடியில் கிடந்த இரும்பைத் தொட்டாள். பனி ஏறி அது சில்லிட்டிருந்தது.

"இது மேலயா நின்னுட்டு இருந்துச்சு, இத்தன வருசமா?"

மரகதம் புதுக்கட்டைச் சுற்றி முடித்தாள்.

"வேண்டாமுங்ணா. அவரு இருந்திருந்தா மொதல்ல நம்மளத்தான் ஏசியிருப்பாரு." கம்பியைச் சேலைத் தலைப்பில் சுற்றி எழுந்தாள். "இத நா எடுத்துட்டுப் போறேன். இங்க இருந்தா நீங்க என்னிக்காச்சும் வெச்சுருவீங்க."

அவள் பேருந்தேறிப் போனாள். பல்பு கொய்யாக் கிளையில் இரண்டு கால்களையும் ஊன்றி, கேரட் துண்டை உருட்டித் தின்றுகொண்டிருந்தது.

தம்பி, உன் குரல் இனி இந்த மலையில் எங்கும் இல்லை. அதைக் கேட்பதற்காக இன்னோர் உயிர் நோவோடு நிற்க நான் ஒப்பமாட்டேன். உன் பறவைக்கு வலியில்லாத கால்களை அதன் ஆயுள் முழுவதும் காத்துத் தருவேன். அது ஊமையாகவே இருந்தாலும் சரி. இது மேடையில் சொன்ன வாக்கு அன்று. கேட்பவர் எவருமில்லாத இந்த முன்னறையில் சொல்லும் வாக்கு.

உன் தாய் பெறாத அண்ணன்,
அறவாழி