சுதன் பேர் வைத்த பாறை

1988 பெப்ரவரி 2, வைலே
காலையில் பனி. யன்னல் திறபடாது. பேரன் சுதன் கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. பிரியாவுக்கு நீச்சலில் பதக்கம், டேனிஷ் வாசிப்பிலும் கெட்டிக்காரி. சின்னவள் தர்சினி மூன்று வயதிலேயே தேவாரம் பாடுகிறாளாம். மருமகள் விமலா எழுதியது. நாங்கள் வரும்போது கைக்குழந்தை, அவளும் தாயும் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூப்பிட மகன் விண்ணப்பம் போட்டுப் பதினாலு மாதம். பதில் இல்லை. கார்த்திகைக்குப் பிறகு விமலாவின் கடிதமும் இல்லை.
வாங்க: உள்ளி, பால், பருப்பு.

பெப். 4
காற்று. சுதன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தீவின் படம் கீறுகிறான். கிறீன்லாந்துக்கும் வடக்கே, ஒருவரும் குடியில்லாத கல்லுத்தீவு. கிட்டத்தட்ட வருடம் முழுக்கச் சுற்றிவரப் பனிக்கட்டி. முந்தி ஒரு கப்பல் அதில் இறுகி நின்றதாம். அந்த ஆட்கள்தான் இடத்துக்கிடம் பேர் வைத்தது. தெற்கே நங்கூரக் குடா. மேற்கே பார்க்கிற மேடு, வேறு கப்பல் வருகிறதா என்று ஏறிப் பார்த்த இடம். வடக்கே கடைசி பிஸ்கட் முனை. கிழக்கே சிலுவை மணல்.
"அங்கை என்னடா சிலுவை?"
"செத்தவையைத் தாட்ட இடம், அப்பம்மா."


பெப். 9
சுதனின் படத்தை ரீச்சர் சுவரில் கொழுவியிருக்கிறா. மகன் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: சிலுவை மணலுக்குப் பக்கத்தில் பேரில்லாத சின்னப் பாறை ஒன்று. அதற்கு இவன் 'தர்சினி' என்று எழுதிவிட்டானாம்.
"உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை பேரை அங்கையோ வைக்கிறது? அழியடா!"
"மையாலை எழுதினது, அழியாது. இங்கை ஒரு கடதாசியிலையும் அவளைச் சேர்க்கினம் இல்லை. இதிலையாவது இருக்கட்டும்."
"அப்பம்மாவுக்குப் பாறையைக் கண்டும் பயம்" என்று பிரியா நக்கல். பிறகு இரண்டு பேரும் டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரிப்பு.
கால் உளைவு. எண்ணெய் பூசினேன்.

பெப். 12
மழை. மார்கழியில் விமலாவுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. உடைக்கவே இல்லை. மகன் வேலைக்குப் போகவில்லை. இங்கே ஹ்விடோவ்ரேயில் இருக்கிற எங்கள் ஊர்ப் பொடியனுக்குப் போன் எடுத்தான்.
"அந்தப் பக்கச் சனம் எல்லாம் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு எழும்பிப் போட்டுதாம், அம்மா. கொஞ்சப்பேர் மானிப்பாய்க் கோயிலடியிலை நிக்கினமாம்."
"விமலாவும் பிள்ளையும்?"
"அவனுக்குத் தெரியேல்லை."
பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

பெப். 13
மானிப்பாய்க் கோயிலடி விலாசத்துக்கு எழுதினேன். விமலா, நாங்கள் சுகம். வேறு ஒன்றும் வேண்டாம். தர்சினியின் புதுப்படம் ஒன்று உடனே போடு. ஸ்ரூடியோ தேவையில்லை, தலை இழுத்துச் சீவாவிட்டாலும் பரவாயில்லை. படத்துக்குப் பின்னால் எடுத்த திகதியை எழுதி அனுப்பு.