பச்சைத் தேயிலையும் எட்டு கிராம் ரத்தமும்

குன்னூர்
18-2-1981

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி லாசர் எழுதுவது.

இங்கே பனி இன்னும் விடவில்லை. விரல் விறைத்துக் கிடக்கிறது, கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே.

நர்ஸ் பயிற்சிக்கு உன் பெயர் வந்துவிட்டது என்று படித்ததும் தேயிலைத் தொழிற்சாலையில் என் ஷிப்ட் ஆட்கள் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். என்னைப் படிக்கவைக்க ஒன்பதாவதோடு நின்றவள் நீ. இருபத்தெட்டு வயதில் பத்தாவது பரீட்சை எழுதித் தேறினாய். இனி மருத்துவச் சோதனை ஒன்றுதானே பாக்கி? அக்டோபரில் முப்பது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள் என்கிறாய். அப்படியானால் இந்த ஒரு தடவைதான், விட்டுவிடாதே.

அதற்காகத்தான் இந்தப் பார்சல். பச்சைத் தேயிலை, எங்கள் தொழிற்சாலையில் புதிதாகப் போடுகிறார்கள். இலையைக் கறுக்க விடாமல் வாட்டி உலர்த்துவது. கொழுப்பு கரையும், தலைவலி போகும், ரத்தம் சுத்தமாகும் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். ஜப்பான்காரர்கள் நூறு வயது இருப்பதே இதனால்தானாம். பால் சேர்க்காதே. எவ்வளவு குடிக்கிறாயோ அவ்வளவு நல்லது.

உன் தம்பி,
லாசர்

&nbsp;

காவலூர்
12-3-1981

அன்புத் தம்பி லாசருக்கு,

பார்சல் வந்தது. பால் சேர்க்காதே என்று நீ எழுதியிருந்ததைப் படிப்பதற்கு முன்பே பாலும் வெல்லமும் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டேன். எங்கள் மருந்தகத்துக் காவலாளி ரங்கசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னாக்கா இது, யாருக்குனா வயித்துவலிக்குக் காச்சினதா?” என்றார். டம்ளரோடு வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

போன புதன்கிழமை தவக்காலம் தொடங்கியது. வழக்கமாகக் கறி, மீன், முட்டையை விடுவேன். பயிற்சி கிடைக்க வேண்டும் என்று இந்த வருஷம் பாலையும் விட்டுவிட்டேன். பால் இல்லாமல் குடிக்கத் தோதாக உன் தேயிலை வந்து சேர்ந்தது. கசப்பாக இருப்பதால் தவத்துக்குத் தவமும் ஆயிற்று. இப்போது சாப்பாட்டுக்குத் தண்ணீரே கிடையாது. களிக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர்.

தலைவலி போனது நிஜம். தூக்கமும் கூடவே போய்விட்டது. ஏப்ரல் 22 வேலூரில் சோதனை, எனக்காக ஜெபம் செய்.

உன் அக்கா,
அன்னமேரி

&nbsp;

காவலூர்
24-4-1981

லாசர்,

சோதனையில் தேறவில்லை.

ஈஸ்டருக்கு முன்பே மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. உபவாசக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு கிராம்தான் என்று எழுதினார்கள். குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா சாப்ட்றே?” என்று கேட்டார். சொன்னேன். “டீ எப்போ குடிப்பே?” என்றார். “சாப்பாட்டோடதாங்க, எட்டு டம்ளர்” என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கேழ்வரகிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேநீர் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கறுப்புத் தேயிலையும் அப்படித்தான், பச்சையும் அப்படித்தான். “எலைய மட்டும் குத்தம் சொல்லாதே. ஒனக்கு முன்னாடியே ரத்தம் கம்மியா இருந்திருக்கும். கறியும் முட்டையும் வேற நிறுத்திட்ட. இது மிச்சத்தையும் சேத்துக் கெடுத்துடுச்சி” என்றார்.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும், ஜூலை 20 மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் தேறாவிட்டால் அவ்வளவுதான்.

உன் மேல் கோபமாக இருக்கிறது, மறைக்கமாட்டேன். எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று உனக்கு யாரடா சொன்னது? மருந்தகத்தில் பத்து வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுக்கு எங்கே போயிற்று புத்தி என்று என் மேலும் கோபம் வருகிறது. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அன்னமேரி

&nbsp;

காவலூர்
2-6-1981

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் திட்டினால் நீ பதிலுக்குத் திட்டுவதுதானே நம் வீட்டு வழக்கம்? இப்படி வாயை மூடிக்கொண்டால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?

சோறு இறங்கத்தான் செய்கிறது. டாக்டரம்மா கொடுத்த இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல், களியோடு கடித்துக்கொள்ள நெல்லிக்காய். புளிப்பு சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டுமாம். உன் தேயிலையைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் போனபிறகு காலையில் ஒன்று, மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஒன்று. அப்படிக் குடித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, தூங்கவும் முடிகிறது.

நேற்று மேட்டில் நிற்காமல் ஏறினேன். பதில் எழுது.

அக்கா

&nbsp;

குன்னூர்
11-6-1981

அன்புள்ள அக்கா,

எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்துப் போட்டேன். உன் படிப்பை ஒரு தடவை நான் தின்றாயிற்று. மறுபடியும் என் கையாலேயே அதற்குக் குழி தோண்டிவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் வேலை ஓடவில்லை.

சூப்பர்வைசரிடமே போய்க் கேட்டேன். “இதெல்லாம் யாரு சார் சொன்னது?” என்றேன். “பெட்டி மேல ஒட்டுற சீட்டுல இருக்குதுப்பா” என்றார். “அந்தச் சீட்டை எழுதினது யாரு?” என்றேன். “நான்தான்” என்கிறார்! அவரை என்ன செய்வது, சொல்.

லீவு போட்டுவிட்டேன். ஜூலை 20 வேலூரில் உன் பக்கத்தில் நிற்பேன்.

லாசர்

&nbsp;

ஜமுனாமரத்தூர்
26-6-1983

அன்புத் தம்பி லாசருக்கு,

துணை சுகாதார நிலையத்தில் என் சொந்த மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசைக்கு ஒரு கால் ஆடுகிறது, இருந்தாலும் என் மேசை. அன்றைக்கு வேலூரில் ரத்தச் சோதனைச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு “பன்னெண்டுக்கா, பன்னெண்டு!” என்று நீ கத்திய கத்தலில் வரிசையில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று எழுந்து நின்றார்களே, அது நினைவுக்கு வரும்போதெல்லாம் தனியாகச் சிரிக்கிறேன்.

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. ஏப்ரலில் பச்சையம்மா என்று ஒரு சாமை விவசாயி வீட்டுப் பெண் வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம், முகமெல்லாம் வெளுத்து, ரத்தம் ஏழரை கிராம். இரண்டு மாதமாக மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. மாத்திரையை வெளியே எறிகிறாள் என்று அவள் மாமியார் குற்றம் சாட்ட, இவள் அழ, எனக்கு என் பஸ் பயணம் ஞாபகம் வந்தது. “டீ எப்பம்மா குடிப்பே?” என்று கேட்டேன்.

“களி துன்னும்போதுதாங்க. பாலு ஊத்தாத டீத்தண்ணி. மாத்திரையும் அதுலதான் முழுங்குவேன்” என்றாள்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. வேறு கோளாறு இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டு, தேநீரை மட்டும் தள்ளி வைத்தேன், நெல்லிக்காயைப் பக்கத்தில் வைத்தேன். போன வாரம் பத்தரை கிராம். நேற்று பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். பிரசவம் பார்த்தவள் நான். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கேள்விய எங்கம்மா கத்துக்கினே?” என்று கேட்டாள். என் தம்பி குன்னூரிலிருந்து பார்சலில் அனுப்பினான் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

இனியாவது அந்தப் பழைய வருத்தத்தை விடு. தேயிலை தீர்ந்துவிட்டது, இன்னும் ஒரு கிலோ அனுப்பு. பெட்டி மேல் இருக்கும் சீட்டைக் கிழித்துவிட்டு உன் கையால் ஒன்று எழுதி ஒட்டு: சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கவும்.

உன் அக்கா,
அன்னமேரி,
கிராம சுகாதார செவிலியர்