பெரட்டு மணியும் வெள்ள ஒத்திகையும்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

இன்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெள்ள ஒத்திகை. சொல்லித்தர பகாவ் பட்டணத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மணி அடித்ததும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும் என்றார். சைரன் இல்லாததால், அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டும் வேலைக்குப் பெயர் கூப்பிட அடித்த பெரட்டு மணியையே அடித்தார்கள்.

நாங்கள் ஐந்தாறு கிழடுகள் ஆற்றோரத் திடலில் போய் வரிசையாக நின்றோம். நாற்பது வருடம் அந்த மணிக்கு நின்ற இடம் அது. கண் தெரியாத என் மனைவியையும் கைப்பிடித்து அங்கேதான் கூட்டிப் போயிருந்தேன்.

“என்னா தாத்தா, மரம் வெட்டப் போறீங்களா லா?” என்றார் அந்த அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வேறு மணி வையுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

இப்போது மழை வலுக்கிறது.

“மணி அடிச்சா எனக்கென்ன பயம், உங்க கையிருக்கு” என்று சொல்லிவிட்டு மனைவி தூங்கிவிட்டாள். மணி கேட்டால் எந்தப் பக்கம் போகுமோ என்று எனக்குத்தான் என் காலை நம்ப முடியவில்லை.