தறிச் சத்தத்தில் பேசிய அக்காவுக்கு

அக்கா,

தலையில் இன்னும் பசை போகவில்லை. மூளையின் அலைகளைப் பார்க்க வேண்டுமென்று இன்று திருப்பூர் ஆஸ்பத்திரியில் தலை முழுக்க வயரை ஒட்டிவிட்டார்கள். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் பிசுபிசுக்கிறது. தறியில் ஓடும் பாவு நூலின் கஞ்சி உதிர்ந்து உங்கள் சேலை மொடமொடத்துக் கிடக்குமே, அது ஞாபகம் வந்தது. ஈரத் தலையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இறந்ததிலிருந்து எனக்கு ஒரு பயம். உங்கள் முகம் வருகிறது, நடை வருகிறது, குரல் மட்டும் வரவில்லை. இத்தனை வருடம் பக்கத்துத் தறி ஓட்டியவரின் குரல் எப்படி மறந்துபோகும்? என் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது; கடைசியில் என்னையே யாரென்று கேட்டாள். எனக்கும் அது வந்துவிட்டதென்று முடிவே கட்டிவிட்டேன். சோறு இறங்கவில்லை. மகன்தான் டாக்டரிடம் இழுத்துப் போனான்.

வயர் ஒட்டிய பெண், "கண்ணை மூடிட்டுச் சும்மா படுங்கம்மா, அப்பத்தான் அலை சீரா வரும்," என்றாள். மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில், "ஏனுங்கம்மா, பேசாதீங்க!" என்று ஒரு அதட்டல்.

"நான் எங்க பேசுனேன்?"

"உதடு அசையுதுங்க. அசைஞ்சா இங்க கோடெல்லாம் கிறுக்கி வெச்ச மாதிரி ஆயிருது. யாரு கூடப் பேசிட்டிருந்தீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பல்லடத்துத் தறிக் கூடத்தில் நின்று உங்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களை நினைக்கிறேன் என்று நான் அறியுமுன்பே என் உதடு நினைத்துவிட்டது. அந்தச் சத்தத்தில் யார் குரல் யாருக்குக் கேட்டது? மாமியார் சண்டை, மகள் கல்யாணம், முதலாளியின் புது மீசை, எல்லாவற்றையும் வாயசைத்தேதானே பேசினோம்! பழக்கம் முற்றிப்போய் பஸ்ஸிலும் அப்படியே வந்தோம். நமக்குப் பேச வராதென்று நினைத்த கண்டக்டர், பாவம், சைகையில் டிக்கெட் கேட்டார். நீங்களும் விடாமல் இரண்டு விரலைக் காட்டிப் பொங்கலூர் என்று வாயசைத்தீர்கள். இறங்கும்வரை சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, "ஒரு குறையும் இல்லீங்க," என்றார். குரல் விஷயத்தைச் சொன்னேன். "ஞாபகம் ஒரே இடத்துல பூட்டி வெச்சிருக்கறது இல்லீங்க. பார்த்தது, கேட்டது, செஞ்சது எல்லாம் அங்கங்க இருக்கும், நினைக்கறப்ப ஒண்ணு சேரும். சிலது நமக்குத் தெரியாமலே கூட வரும். அந்த அக்கா உங்களுக்கு எப்படிப் பழக்கமோ, அப்படித்தான் வருவாங்க," என்றார்.

நான் மறக்கவில்லை அக்கா. உங்கள் குரலைக் கேட்டதே கொஞ்சம்தான். அங்கேயே அழுதுவிட்டேன், மகன் பயந்துபோனான். நிம்மதியில் வந்த அழுகை என்று அவனுக்குப் புரியவைக்க நேரமானது.

சற்று முன் கண்ணாடி முன்னால் தலை துவட்டும்போது, மத்தியானமானால் தறிக்கு அந்தப் பக்கமிருந்து நீங்கள் கேட்பதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன்.

"சாப்புட்டயா அம்மிணி?"

நீங்கள் பேசும்போது உதடு லேசாக ஒரு பக்கம் கோணும். கண்ணாடியில் என் உதடும் அதே போலக் கோணியது.

"இன்னும் இல்லீங்கக்கா," என்று நானே வாயசைத்தேன். "இப்பத்தான் பசிக்குது."