ஜெபாவின் காருக்கு நான் போட்ட கணக்கு

என்றைக்கும் வலது சீட்டுக்குச் சொந்தக்காரியான ஜெபாவுக்கு,

அந்த மின்சாரக் காரை நீ வாங்கியிருந்தால், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆறு மாதமும் உன் உடம்புக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமா? நீ போன நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. எதையும் கணக்குப் போட்டுச் சொல்கிறவள் என்று பெயர் வாங்கியவளுக்கு இது தெரியவில்லை.

ஒன்றரை மாதம் ஆகிறது. இன்னும் அழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிறேன். ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கை பின்னால் போகிறது, கார்க் கதவைச் சாத்த. அவ்வளவுதான்.

தாவரவியலுக்கு இன்னும் ஆள் போடவில்லை. உன் வகுப்பு நேரத்தில் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். பொருளியல் டீச்சருக்கு இலையைப் பற்றி என்ன தெரியும்? பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கிறார்கள். உன் வகுப்பில் அது நடக்காத காரியம்.

பதினோரு வருஷம் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் பக்கத்துப் பள்ளிக்கு உன் பெட்ரோல் காரில் போய்வந்தோம். நீ ஓட்டுவாய். எனக்கு இடது சீட்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், காற்றாலைகளைத் தாண்டும்போது நீ பேச்சை எடுத்தாய்.

"ஏட்டி கோமு, அங்கன பாரு, எத்தனை காத்தாடி சுத்துது. காத்து நம்ம ஊருக் காத்து. நாம மட்டும் எங்கயோ இருந்து வார பெட்ரோல ஊத்திக்கிட்டுத் திரியுதோம்."

"காத்தாடிக்காரன் உன் வீட்டுக்கு வயர் இழுத்துத் தரப்போறானாக்கும்?"

"ஒனக்கு ஆசைன்னு ஒண்ணு கெடையவே கெடையாதாட்டி? சரி, கரண்டு காரா பெட்ரோல் காரான்னு நீயே கணக்குப் போட்டுச் சொல்லு. நீ சொன்னா வாங்குதேன். வேண்டாம்னா விட்டுருதேன்."

நம் ஸ்டாஃப் ரூமில் அதுதானே வழக்கம். யார் வீட்டுக்கு பிரிட்ஜ் வாங்கினாலும், வாஷிங் மெஷின் வாங்கினாலும், முதலில் என் தாளுக்கு வந்துவிட்டுத்தான் கடைக்குப் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டேன். மின்சாரக் கார் நாலு லட்சம் கூடுதல் விலை. வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுவாய். பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம். நாலு லட்சத்தை மீட்க எட்டு வருஷம் ஆகும். பேட்டரிக்குக் கம்பெனி பொறுப்பேற்பதும் எட்டு வருஷம்தான். வீட்டில் சார்ஜ் போட்டால் இரண்டு மாதக் கரண்டு பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டி வீதமே மாறிவிடும் என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. 'லாபம் தொடங்கும்போது பேட்டரியின் உத்தரவாதம் முடிந்திருக்கும். பழைய வண்டியே போதும்' என்று முடித்திருந்தேன். முடிவுக்குக் கீழே இரட்டைக் கோடு.

நீ படித்துவிட்டுச் சிரித்தாய். "எட்டு வருஷமா? அது வரைக்கும் என் மூட்டு உழைக்குமான்னு ஒரு கணக்குப் போடுட்டி." தாளை நாலாக மடித்து டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. அடுத்த வருஷம் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது.

கீமோ ஏற்றிக்கொண்டு திரும்பும்போது உன் வீட்டுக்காரர் சாமுவேல் அண்ணாச்சி ஓட்டுவார். பின்சீட்டில் உன் தலை என் மடியில் இருக்கும். சாத்தூர் வருவதற்குள் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருக்கும். பெட்ரோல் போட்ட அன்றைக்கு அதற்கும் மேலே. "இந்த வாடைதாண்டி கொடலப் புரட்டுது" என்பாய். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"அந்த வண்டின்னா சத்தமும் இருக்காது, வாடையும் இருக்காதுல்ல?"

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

நியாயமாகவும் யோசித்துப் பார்க்கிறேன். மதுரைக்குப் போய்வர இருநூறு கிலோமீட்டர். வழியில் எங்காவது சார்ஜ் போட நின்றிருக்க வேண்டும், உன்னை அந்த நிலைமையில் வைத்துக்கொண்டு, வெயிலில். கீமோவின் குமட்டல் எந்த வண்டியில் போனாலும் வந்திருக்கும். அதனால்தான் தெரியாது என்கிறேன். ஆனால் என் தாளில் இதற்கு ஒரு வரிகூட இடம் இருக்கவில்லை. வண்டியின் ஆயுளைப் போட்டேன், பேட்டரியின் ஆயுளைப் போட்டேன். எட்டு வருஷமும் ஓட்டுவதற்கு நீ இருப்பாய் என்று, யாரையும் கேட்காமல், நானாக எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாங்கிப் போனவர்கள் நிறையப் பேர். ஸ்டாஃப் வாட்ஸப்பில் இன்னும் சுற்றுகிறது. அவர்களும் இந்தக் கடிதத்தைப் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் துணி போர்த்தி நிற்கிறது. அண்ணாச்சி காப்பி போட்டுக் கொடுத்தார். சீனி இல்லை. நான் சொல்லவில்லை.

"டீச்சர், அவ ஆசப்பட்ட வண்டியவே எடுத்துருவோம்னு பாக்கேன். சனிக்கிழம பழச விலைக்குப் பாக்க ஆள் வாரான், நீங்களும் வந்துருங்க" என்றார். பிறகு அவரே சொன்னார்: "அப்பவே எடுத்திருக்கணும். பெயிண்ட் கடைக்குச் சரக்கு எடுக்கத் துட்டு முடையா இருந்த நேரம். எனக்காகத்தான் வேண்டாம்னுட்டா. ஒரு வார்த்த வாயத் தொறந்து சொன்னாளா, பாத்தீங்களா? பாவி நான் கேக்கவும் இல்ல."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

அவரிடம் நீ என் தாளைப் பற்றிச் சொல்லவே இல்லை, இல்லையா? ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றவா, அல்லது சொல்கிற அளவுக்கு அது உனக்குப் பெரிய விஷயமாக இல்லையா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். நான் செய்ததற்கு அவர் தன்னைப் பாவி என்று சொல்லிக்கொள்கிறார். நான் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன்.

நாளைக்குச் சனிக்கிழமை. போவேன். நீ அந்தக் காரை விட்டது அவருக்காக அல்ல, என் பேச்சைக் கேட்டு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இடது சீட்டிலிருந்து,
நீ ஏட்டி என்று கூப்பிட்ட தங்கச்சி,
கோமதி

மறுநாள் நடந்தது இது.

வண்டி கிளம்பவில்லை. ஒன்றரை மாதம் நின்றதில் அந்தப் பெட்ரோல் காரின் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாய். பார்க்க வந்த ஆளும் நானும் பின்னால் நின்று தள்ளினோம். தெருமுனையில் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"ஏறுங்க டீச்சர். பேட்டரி ஏற ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம்" என்றார் அண்ணாச்சி. வந்த ஆள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

பைபாஸ் பக்கம் போகும்போது சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன சொல்லுதீங்க?" என்று ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். திரும்பவும் சொன்னேன். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். தாள் அங்கேயே இருந்தது. கொடுத்தேன்.

இரட்டைக் கோடு வரைக்கும் படித்தார்.

"அப்ப எனக்காக இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி."

தாளை அதே மடிப்பில் மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை.

"அணைச்சிருக்கக் கூடாது" என்றார். இறங்கினார். "முக்குல மெக்கானிக் கடை இருக்கு. அது வரைக்கும் நான் தள்ளுதேன். நீங்க இங்கன வந்து உக்காந்து ஸ்டியரிங்க நேராப் பிடிங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓட்ட வேண்டாம் டீச்சர். பிடிச்சாப் போதும்."

வலது சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.