இடி ஓய்ந்ததும் ஒரு பாட்டு

அப்பா,

இன்று பிற்பகல் வானம் கறுத்து மண்வாசனை வந்ததும், என் கை தானாகப் போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கியது. முதல் இடி விழுவதற்குள் வீட்டுக்கு வீடு எல்லா வயரையும் பிடுங்கிப் போடும் ஊர் நம்முடையது. வயரோடு நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா இறந்து, உங்களுக்கும் நெஞ்சுவலி வந்து தேறிய பிறகு, பகலில் உங்களைத் தனியாக விட்டுவிட்டு அலுவலகம் போக எனக்கு மனமில்லை. துணைக்கு ஆள் வைக்கிறேன் என்றேன். "ஆளும் வேண்டாம், ஓயாம போனும் வேண்டாம். என்னை மனுஷனா இருக்க விடுடி" என்றீர்கள். கடைசியில் ரவுட்டர்தான் சமாதானம் செய்துவைத்தது. வீட்டில் இணையம் எவ்வளவு ஓடுகிறது என்பதை என் போனில் ஒரு கோடாகப் பார்க்கலாம். நீங்கள் கச்சேரி பார்த்தால் கோடு ஏறும். செய்தி படித்தால் லேசாக நெளியும். சாப்பிட்டு உறங்கினால் அதுவும் தரையோடு படுத்துக்கொள்ளும்.

"எவ்வளவுன்னு பாத்துக்கோ. என்னன்னு பாக்கப்படாது, கேட்டியா?"

"அது இதுல தெரியவே தெரியாதுப்பா."

"அப்போ ஷரி."

நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். கோடு அறுந்தால், மறுநாளே ஆள் வரும்.

ஐப்பசியில் ஒரு நாள் அறுந்தது. உங்கள் போனும் அணைந்திருந்தது. கழக்கூட்டத்தில் என் அலுவலகத்துக்கு வெளியே நல்ல வெயில். ஆட்டோவில் ஏறினேன். பழவங்காடியில் சாலை நனைந்து கிடந்ததைப் பார்த்தேன். இருந்த பதற்றத்தில் அது மனதில் ஏறவில்லை. வலியசாலையில் நம் வீட்டுக் கதவைத் தள்ளினால், தூரத்து முழக்கத்தைக் கேட்டபடி, நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தீர்கள். டிவி, ஃப்ரிட்ஜ், ரவுட்டர் என்று ஒன்று விடாமல் பிடுங்கியிருந்தீர்கள்.

"இடி வெட்டறதுடி. போனைத் தொடப்படாது, அல்லே?" என் முகத்தைப் பார்த்ததும் முறுக்கைக் கீழே வைத்தீர்கள். "பேடிச்சுட்டியா?"

அவ்வளவு நேரம் பயந்திருந்த நான் அழுதேன். உங்கள் பயமோ வேறு. "இதுக்காக ஆளை வெச்சுடாதே, கொழந்தே. இனிமே இடி நின்னதும் வயரைச் சொருகி ஒரு பாட்டு போடறேன். கோடு ஏறினா நான் இருக்கேன்னு அர்த்தம்."

ஆள் வைக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்குப் பின்னும் என் போனில் ஒரு சின்ன மேடு எழும்பும். எனக்கும் மூச்சு வரும். ஒரு மாலை, "இன்னிக்கு என்ன பாட்டுப்பா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? போட்டுட்டு அடுக்களைக்குப் போய்ட்டேன். அது உனக்கு, எனக்கில்லை."

கடைசி வரை உங்கள் வீட்டில், உங்கள் இஷ்டப்படி இருந்தீர்கள். அதில் எனக்கு நிறைவுதான்.

இப்போது நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சற்றுமுன் இடி ஓய்ந்தது. வயரைச் சொருகி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, காப்பி கலக்க அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்து போனைப் பார்த்தேன். கோடு ஏறியிருந்தது.

என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.